ஓட்டுக்கு விடாத ஒரு தீர்மானம்: பெரம்பூரில் ஒரு வாடகை வீட்டுப் பிரச்சினை (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

வடசென்னையில் சின்னச் சின்ன அடுக்குமாடிச் சங்கங்களுக்குக் கணக்கு எழுதி, ஆண்டறிக்கையைப் பதிவுத்துறையில் தாக்கல் செய்துகொடுப்பது என் வேலை. இந்த வேலையில் இருப்பவனைச் சங்கத்துக்காரர்கள் பாதி வக்கீலாகவும் பாதி பஞ்சாயத்துக்காரனாகவும் நினைத்துக்கொள்வார்கள். கூட்டம் என்றால் கூப்பிடுவார்கள், போய் உட்கார வேண்டியிருக்கும். 2024 கோடையில் பெரம்பூர் பக்கம் ஒரு குடியிருப்பில் நடந்ததை அப்படி உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

தரைத்தளத்தோடு மூன்று மாடி, பதினாறு வீடு, தொண்ணூறுகளில் கட்டியது. முதலில் வாங்கியவர்களில் பாதிப்பேர் ரயில்வேயின் ஐ.சி.எஃப்.பிலும் கேரேஜ் ஒர்க்ஸிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். பெரும்பாலும் இந்துக் குடும்பங்கள், இரண்டு வீடு கிறிஸ்தவர்கள். முஸ்லிம்கள் யாரும் அதுவரை அங்கே குடியிருந்ததில்லை, சொந்தமாகவும் சரி, வாடகைக்கும் சரி. இத்தனைக்கும் முஸ்லிம்கள் அதிகம் வாழும் ஜமாலியா நடந்து போகிற தூரம்தான். அந்தக் கட்டடத்து ஆட்கள் பேன்ட் தைக்கக் கொடுப்பது அங்கே, வண்டி பஞ்சர் போடுவது அங்கே, ஞாயிற்றுக்கிழமை கறி வாங்குவதும் அங்கே. ஆக, முஸ்லிம்களைத் தெரியாத இடம் என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த கதவில் இருந்து பழக்கமில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது மாடியில் ஒரு வீட்டுக்காரர் மகனோடு பெங்களூருக்குப் போய்விட்டதால் வீட்டை வாடகைக்கு விட்டார். 18,000 ரூபாய் வாடகை, ஐந்து மாத முன்பணம். கேட்டு வந்தவர்கள் மண்ணடியில் குடியிருந்த ஒரு முஸ்லிம் குடும்பம். கணவர் பெரியமேட்டில் ஒரு தோல் கம்பெனியில் கணக்காளர். மனைவிக்குப் பெரம்பூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியை வேலை கிடைத்திருந்தது, இரண்டு பிள்ளைகளையும் அதே பள்ளியில் சேர்த்திருந்தார். கூடவே மாமியார், முட்டிவலிக்காரர். மண்ணடி வீடு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் உண்டு.

அவர்கள் ஏற்கெனவே பல வீடு பார்த்திருந்தார்கள். தொலைபேசியில் எல்லாம் சரியாகப் போகும், கடைசியில் "பேர் என்னம்மா?" என்று கேட்பார்கள், சொன்னதும் வீடு நேற்றே முடிந்துவிட்டதாகச் சொல்வார்கள். ஓரிடத்தில் மட்டும் பத்து மாத முன்பணம் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்களாம். புரோக்கர் ஒளிவுமறைவில்லாமல் பேசுகிறவர், "பாய் வீட்டுக்குன்னா லேட் ஆகும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். இது அந்தக் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்த கதை இல்லை. முஸ்லிம்களுக்கு விரும்பிய இடத்தில் வீடு கிடைப்பது கடினமாகி வருகிறது என்று, அவர்கள் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழுவின் 2006 அறிக்கையே பதிவு செய்திருக்கிறது.

பெங்களூர் வீட்டுக்காரர் தயங்கவில்லை. டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார்.

எப்படி ஆரம்பித்தது

சங்கத்திடம் ஒரு குடியிருப்போர் படிவம் இருந்தது. எப்போதோ யாரோ தட்டச்சு செய்து, நகலெடுத்து நகலெடுத்து எழுத்து மங்கிப்போனது. பெயர், வேலை, வண்டி எண், அதற்கடுத்து ‘மதம்’ என்று ஒரு வரி. அந்த வரி எதற்கு என்று யாருக்கும் தெரியாது. நிரப்பிய படிவத்தை வீட்டுக்காரர் செயலாளருக்கு அனுப்ப, செயலாளர் அதைப் படமாகவே சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கட்டடத்தில் அதற்கு முன் எந்த வாடகைதாரர் வந்தபோதும் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. ஆட்சேபம் உண்டா என்று கேட்டால் யாராவது ஒருவர் ஒன்றைக் கண்டுபிடித்துச் சொல்லத்தான் செய்வார்.

காலமும் அப்படி. மார்ச் 11-ஆம் தேதி குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கான விதிகள் வெளியாகியிருந்தன, ஏப்ரல் 19-இல் இங்கே நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்திருந்தது. குழுவில் ஃபார்வர்டு வீடியோக்கள் வந்து குவிந்துகொண்டிருந்தன. 2020 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையில் அந்தச் சட்டத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தின் பழைய படங்களைக்கூட ஒருவர் தேடி எடுத்துப் போட்டார், மண்ணடியிலிருந்து வரும் குடும்பம் என்ற ஒரே தொடர்பில்.

குழுவில் வந்தவை

முதல் ஆட்சேபம் அசைவம். அடுத்தது பக்ரீத்: அந்த ஆண்டு ஜூன் 17, அதாவது குடிவந்த கையோடு பண்டிகை, பார்க்கிங்கில் ஆட்டைக் கட்டி அறுத்தால் யார் பொறுப்பு என்று. உறவினர் கூட்டம் வரும், தண்ணீர் போதாது என்றார் ஒருவர். நாளைக்கு மொட்டை மாடியில் தொழுகை வைப்பார்கள் என்றார் இன்னொருவர். வீட்டு மதிப்பு இறங்கிவிடும் என்பது மூன்றாவது மாடிக்காரரின் கவலை. முதல் மாடியில் தனியாக இருக்கும் வயதான அம்மா ஒருவர் மட்டும் சுற்றி வளைக்காமல், "எனக்கு பயமா இருக்குப்பா, வேற ஒண்ணும் இல்ல" என்று குரல்பதிவு போட்டிருந்தார். எல்லாவற்றிலும் அதுதான் நேர்மையாக எனக்குப் பட்டது.

ஒருவர் பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூர் விவகாரத்தை இழுத்தார். அங்கே முஸ்லிம்கள் அதிகம் வாழும் தெருக்கள் வழியாகக் கோயில் ஊர்வலம் போக எதிர்ப்பு வந்தது, சென்னை உயர்நீதிமன்றம் 2021-இல் தீர்ப்புச் சொன்னது. "அவங்க நம்மள விட்டாங்களா?" என்று கேட்டார். அந்தத் தீர்ப்பை அவர் முழுக்கப் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பகுதியில் ஒரு மதத்தார் அதிகம் என்பதற்காக இன்னொரு மதத்தாரைத் தடுக்க முடியாது, இதை அனுமதித்தால் நாளைக்கு எந்தப் பகுதியிலும் எந்தச் சிறுபான்மையும் எதுவும் செய்ய முடியாமல் போகும் என்பதுதான் நீதிமன்றத்தின் வாதம். அந்த வாதத்தை அப்படியே எடுத்துப் பெரம்பூரில் வைத்தால், ஆட்சேபம் சொல்பவர்களுக்கு எதிராகத்தான் நிற்கும்.

இதில் கவனித்தது: இத்தனை செய்திகளிலும் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. எத்தனை பேர், வண்டி உண்டா, வாடகை ஒழுங்காகக் கட்டுவார்களா, எதுவும் இல்லை. பாதிக்கு மேற்பட்ட வீட்டுக்காரர்கள் வாயே திறக்கவில்லை. கிறிஸ்தவ வீட்டுக்காரர் ஒருவர் மட்டும் தனியாக என்னை அழைத்து, "எங்க வீட்ல சனிக்கிழமை ஜெபக்கூட்டம் நடக்குது சார், அடுத்து எங்ககிட்டதானே வருவாங்க?" என்றார். குழுவில் அதை எழுத அவருக்குத் துணிவு வரவில்லை. குற்றம் சொல்லவும் முடியாது.

"ஓட்டுக்கு விட்டுடுவோம் சார்"

செயலாளர் வெறுப்பு பேசுகிற ஆள் இல்லை. பம்பு பழுதானால் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் எழுந்து வருகிறவர். ஆனால் தன் மேல் பழி வந்துவிடக் கூடாது என்பதுதான் அவருக்குப் பெரிய கவலை. "ஜனநாயக நாடு சார், மெஜாரிட்டி என்ன சொல்லுதோ அதுபடி போயிடலாம்" என்று சொல்லி, சிறப்புப் பொதுக்குழுவுக்கு ஒரு தீர்மானம் எழுதி எனக்கு அனுப்பினார். வீட்டுக்காரர் யாருக்கு வாடகைக்கு விட்டாலும் விற்றாலும் சங்கத்தின் எழுத்துப்பூர்வச் சம்மதம் வாங்க வேண்டும், பெரும்பான்மை வாக்கில் முடிவு. முஸ்லிம் என்ற சொல்லே அதில் கிடையாது. பார்க்க ரொம்பப் பொதுவாக இருக்கும்.

நான் இந்தத் தீர்மானத்தை நிகழ்ச்சிநிரலிலேயே சேர்க்கக் கூடாது என்றேன். அவருக்கு அது புரியவே இல்லை. ஓட்டு எடுப்பதில் என்ன தப்பு? கட்டடத்துக்கு என்ன வண்ணம் அடிப்பது என்று ஓட்டெடுக்கலாம், எல்லோர் பணமும் அதில் இருக்கிறது. இங்கே யாரைப் பற்றி முடிவோ அவர்களுக்கு அந்தக் கூட்டத்தில் ஓட்டே கிடையாது, பதினாறு வீட்டில் அவர்கள் சார்பில் ஒரு வீடுகூட இல்லை. முடிவு முன்கூட்டியே தெரிந்த வாக்கெடுப்பு அது. வாக்குப்பெட்டி என்ற பெயரில் ஒரு கதவைச் சாத்துகிற வேலை.

இதற்கு நம் நாட்டில் ஒரு வரலாறு இருக்கிறது, அதையும் அவரிடம் சொன்னேன். நம்ம சென்னை மாகாணத்துக்காரர் காயிதே மில்லத் முகமது இஸ்மாயில் சாகிப் 1949 மே மாதம் அரசமைப்பு அவையில் முஸ்லிம்களின் பிரதிநிதிகளை முஸ்லிம்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதி முறை வேண்டுமென்று வாதாடினார். அவை ஏற்கவில்லை. சிறுபான்மை மதத்தினருக்குச் சட்டமன்றத்தில் ஒதுக்கீட்டு இடங்களும் வேண்டாமென்று முடிவானது. அந்த முடிவு சரியா தப்பா என்பது வேறு பேச்சு. ஆனால் அதற்கப்புறம் அவர்கள் கையில் மிஞ்சியது அடிப்படை உரிமைகள் என்ற அத்தியாயம்தான்: சமத்துவம் சொல்லும் 14, பாகுபாடு கூடாது என்னும் 15, நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமை தரும் 19, மதச் சுதந்திரத்தின் 25 முதல் 28 வரை, பண்பாட்டுக்கும் கல்விக்கும் 29, 30. எண்ணிக்கையில் தோற்கிறவர்களுக்காகவே எழுதியது. 1948 நவம்பர் 4-ஆம் தேதி அம்பேத்கர் அதே அவையில், சிறுபான்மையைப் பாகுபடுத்தாமல் இருப்பது தன் கடமை என்று பெரும்பான்மைதான் உணர வேண்டும் என்று சொன்னதும் இந்த இடத்தைப் பற்றித்தான்.

செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் மீட்டிங்ல சொன்னா எடுபடாது சார்" என்றார். உண்மைதான்.

சட்டம் எதுவரை வரும்

எடுபடுகிற மாதிரி எழுதிக் கொடுப்பதற்காகச் சட்டத்தைப் புரட்டினேன். 15-வது பிரிவின் முதல் உட்பிரிவு அரசைத்தான் கட்டுப்படுத்தும். இரண்டாவது உட்பிரிவு தனியாருக்கும் பொருந்தும், ஆனால் அதில் இருப்பவை கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை போன்றவை. வாடகை வீடு அதில் இல்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டம் ஒப்பந்தத்தை எழுத்தில் போட வேண்டும், பதிய வேண்டும் என்கிறது, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது, மதம் பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு வரி கிடையாது.

போதாததற்கு, மூன்றாவது மாடிக்காரரின் மருமகன் வக்கீல். அகமதாபாத் பார்சி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் பற்றி 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை அவர் அனுப்பி வைத்தார். உறுப்பினர்கள் பார்சிகளாகத்தான் இருக்க வேண்டும் என்ற துணைவிதியை அந்தத் தீர்ப்பு ஏற்றுக்கொண்டது, மறுக்க முடியாது. ஆனால் அது பார்சிகள் தங்களுக்கென்றே தொடங்கிய சங்கம், விதியும் அதற்கேற்ப எழுதியது. இங்கே பதினாறு பேரும் திறந்த சந்தையில் தனித்தனியாக வீடு வாங்கியவர்கள், யாருடைய பத்திரத்திலும் இப்படி ஒரு நிபந்தனை இல்லை.

ஆகவே நான் பிடித்துக்கொண்டது வீட்டுக்காரரின் உரிமையை. பழைய 1994 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டமானாலும், அதற்குப் பதிலாக 2022-இல் நிறைவேறியதானாலும், வீட்டுக்குள் இருப்பது வீட்டுக்காரரின் தனிச்சொத்து. சங்கத்தின் கை படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, பார்க்கிங், தண்ணீர்த் தொட்டி இவற்றோடு நிற்கிறது. இதை இரண்டு பத்தியாக எழுதி, தீர்மானம் நிறைவேறினால் பெங்களூர்க்காரர் வழக்குப் போடலாம், செலவு சங்க நிதியிலிருந்துதான் போகும் என்ற வரியோடு தலைவருக்குக் கொடுத்தேன்.

இந்த வழி பலித்தது, ஆனால் எனக்கு உறுத்தலாகத்தான் இருந்தது. அந்தக் குடும்பத்தின் உரிமை என்று எதையும் நான் நிலைநாட்டவில்லை. சொத்துக்காரர் ஒருவரின் உரிமையின் முதுகில் ஏறி அவர்கள் உள்ளே வந்தார்கள். அவரே மறுத்திருந்தால் எழுதிக்கொடுக்க என்னிடம் ஒரு வரி இருந்திருக்காது.

கூட்டத்தில்

மே கடைசி ஞாயிறு, காலை பத்து மணி, பார்க்கிங்கில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கூட்டம். அதே நேரத்துக்குக் காசிமேட்டிலிருந்து வழக்கமாக வரும் மீன்காரம்மா கேட்டுக்குள்ளே கூடையை இறக்கிவிட்டார். சங்கரா, கானாங்கெளுத்தி, கொஞ்சம் இறால். அசைவ நாற்றம் பற்றிக் குழுவில் மூன்று செய்தி போட்டவர், கூட்டம் தொடங்கிய பத்தாவது நிமிடம் எழுந்துபோய், "தலையை எடுத்துடாதம்மா, குழம்புக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் அசைவம் என்ற பேச்சு அன்றைக்கு எழவே இல்லை.

அடுத்து ஒரு சமரசம் வந்தது, ஆபத்தான சமரசம். அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டு நேரில் பார்த்துப் பேசுவோம், மாட்டுக்கறி சமைக்க மாட்டோம், ஆடு அறுக்க மாட்டோம், மாடியில் தொழ மாட்டோம் என்று ஒரு கடிதம் வாங்கிக்கொள்வோம் என்றார்கள். தொலைபேசியில் இணைந்திருந்த பெங்களூர்க்காரரும் பிரச்சினை முடிந்தால் சரி என்று இறங்கி வந்தார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு எந்த வாடகைதாரரிடமும் நடத்தைக் கடிதம் வாங்கியதில்லை. பொதுவிடத்துக்கு விதி வேண்டுமென்றால் போடுங்கள், பதினாறு வீடும் கையெழுத்துப் போடட்டும், புதிதாக வருகிறவர்களும் அதே தாளில் போடட்டும். வீட்டுக்குள் அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது யாருடைய தாளிலும் வர வேண்டாம்.

தலைவரை மாற்றியது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரசமைப்புச் சட்டம் இல்லை. அவர் தன் வீட்டை விற்றுவிட்டு மகளோடு கொளத்தூருக்குப் போகும் யோசனையில் இருந்தார். சம்மதத் தீர்மானம் வந்தால், தனக்கு வருகிற பார்ட்டிக்கும் இந்தப் பதினைந்து பேரிடம் கை கட்டி நிற்க வேண்டும் என்பது அவருக்கு உறைத்தது. "இது வேண்டாத வேலைப்பா, அவனவன் வீடு அவனவன் இஷ்டம்" என்று முடித்துவிட்டார். தீர்மானம் ஓட்டுக்கு வரவில்லை.

பொதுவிதிகள் அன்றே எழுதப்பட்டன. விலங்குகளைக் குடியிருப்பு வளாகத்தில் அறுக்கக் கூடாது. பார்க்கிங்கில் அனுமதியில்லாமல் பந்தல் கூடாது. மொட்டை மாடியை எந்த நிகழ்ச்சிக்கு எடுத்தாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி இரவு பத்து மணிக்கு மேல் யாருக்கும் கிடையாது. கடைசி விதி எங்கள் கண்டுபிடிப்பு இல்லை, 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளிலேயே இருப்பது. அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று தீர்ப்பளித்ததும், பக்கத்திலேயே மாதவரம் நெடுஞ்சாலையில் ஒரு ஜெபக்கூடத்துக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கில்தான்.

அந்த ஆசிரியையிடம் நடந்ததைச் சொல்ல அழைத்தபோது, பாதியிலேயே நிறுத்தினார். "எங்களுக்காக நீங்க யார்கிட்டயும் சண்டை போட வேண்டாம் சார். பத்தாம் தேதி ஸ்கூல் திறக்குது. வீடு உண்டா, இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

அதற்கப்புறம்

ஜூன் முதல் வாரம் குடிவந்தார்கள். இந்த இழுபறியில் மண்ணடி வீட்டுக்கு ஒரு மாத வாடகை கூடுதலாகக் கட்டினார்கள், அதை யாரும் ஈடு செய்யவில்லை. பக்ரீத் அன்று பார்க்கிங்கை எட்டிப்பார்த்தவர்கள் உண்டு. அங்கே ஒன்றும் இல்லை. பட்டணத்தில் பல குடும்பங்கள் செய்வதுபோல அவர்களும் பள்ளிவாசலில் பலர் சேர்ந்து கொடுக்கும் கூட்டுக் குர்பானிக்கு (பண்டிகைப் பலிக்கு) பங்கு கட்டியிருந்தார்கள். யாரும் விசாரித்திருந்தால் மே மாதமே தெரிந்திருக்கும்.

பிரியாணி கொடுத்து எல்லோரும் ஒன்றானார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அன்றைக்கு அந்த வீட்டிலிருந்து யாருக்கும் பிரியாணி போகவில்லை. "யார் ஆசையா வாங்குவாங்க, யார் வாங்கிக் கீழ கொட்டுவாங்கன்னு தெரியல சார்" என்றார் அந்த ஆசிரியை பின்னால் ஒருமுறை. பயம் என்று சொன்ன முதல் மாடி அம்மா, லிஃப்டில் மாமியாரோடு முட்டிவலி மாத்திரை பற்றிப் பேசுகிற அளவுக்கு வந்தார். மூன்றாவது மாடிக்காரர் இன்னும் பேசுவதில்லை.

விதியின் முதல் சூடு யாருக்குப் பட்டது என்பதுதான் யாரும் எதிர்பாராதது. கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பஜனை. வருடா வருடம் மொட்டை மாடியில் மைக் வைத்துப் பதினொரு மணி தாண்டிப் போகும். இந்த முறை பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொன்னபோது, "எல்லாம் அந்த பாய் வந்ததால வந்த வினை" என்று ஒரு குரல். கையெழுத்துப் போட்ட பதினாறு பேரில் அவரும் ஒருவர், அவர் கேட்டுத்தான் அந்த விதியே வந்தது. தலைவர் தாளை எடுத்துக் காட்டினார். பஜனை மைக் இல்லாமல் தொடர்ந்தது.

2025 மார்ச்சில் ரமலான். நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் சஹர் நேரத்தில், விடிகாலை நான்கு மணிக்கு முன்பு, மேல் வீட்டில் நாற்காலி இழுக்கும் சத்தம் என்று கீழ்வீட்டிலிருந்து புகார். குழுவில் போடாமல் செயலாளர் நேரில் போய்ச் சொன்னார். கணவர் அன்று மாலையே நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மூடி வாங்கி மாட்டிவிட்டார். விஷயம் அதோடு முடிந்தது.

எதை மாற்ற வேண்டும்

வாடகைதாரர் பெயரைக் குழுவில் போட்டு ஆட்சேபம் கேட்டதில் தொடங்கியது எல்லாம். இப்போது படிவம் வீட்டுக்காரருக்கும் செயலாளருக்கும் இடையில் மட்டும்தான். பொதுவிதித் தாள் முன்பே இருந்திருந்தால் அந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது, அதனால் நான் கணக்குப் பார்க்கும் மற்ற சங்கங்களிடம் பிரச்சினை எதுவும் வராதபோதே அதை எழுதி வைக்கச் சொல்கிறேன். ஒரு ஆளை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுகிற விதி அந்த ஆளுக்கு எதிரானதாகத்தான் வரும்.

சங்கத்தின் அளவில் தீராதது ஒன்று இருக்கிறது. அந்தக் குடும்பம் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தது. அதே சமயத்தில் கட்டடத்தில் இன்னொரு வீடு காலியானது. ஆசிரியையின் தங்கை குடும்பம் கேட்டது. அந்த வீட்டுக்காரர் குழுவில் ஒன்றும் எழுதவில்லை, யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை, புரோக்கரிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கு மனு எழுதலாம்தான், ஆனால் ஒரு தனியாரை வாடகைக்கு விடச் சொல்லி உத்தரவு போட அதற்கு அதிகாரம் இல்லை. அவனவன் வீடு அவனவன் இஷ்டம் என்று நாங்கள் கூட்டத்தில் ஜெயித்த அதே வாதம்தான் இந்த முறை அவர் பக்கம் இருந்தது. தனியார் வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வராதவரை இதற்கு என்னிடம் பதில் கிடையாது.

படிவத்தில் ‘மதம்’ என்ற வரியை எடுத்துப் புதிதாக அச்சடித்துக் கொடுத்தாயிற்று. பழையது ஒரு கட்டு மீதம் இருக்கிறது, வீணாக்க மனமில்லாமல் செயலாளர் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு அதையே கொடுத்துக்கொண்டிருக்கிறார்.